காஸம் ஏரிக்கு ஒரு பகற்பயணம்

மலைமேற் செல்லக் கருதுவோர் பெரும்பாலும் தம் பயணத்தைக் காலையிலிருந்து மாலை நோக்கியே வகுத்துக் கொள்கின்றனர். எப்பொழுது எழுவது, எப்பொழுது உண்பது, எப்பொழுது புறப்படுவது என்று தொடங்கி, திரும்புதலைப்பற்றி அவர்கள் கடைசியிலேயே நினைக்கின்றனர். அங்ஙனமன்றி, எந்நேரத்தில் எவ்விடத்தில் இருத்தல் ஆகாது என்பதை முதற்கண் துணிந்துகொண்டு, அதனின்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நாழிகையைக் கண்டறிதலே உயர்மலைப் பயணத்திற்கு உரிய முறையாம். யான் இதனை ஒரு நண்பரின் உடல்நலத்தைப் பணயமாக வைத்துப் பிழைசெய்து கற்றேன். நம் கல்லூரியிலிருந்து மேற்படிப்பின்பொருட்டு அமெரிக்கா செல்லும் மாணவர் ஆண்டுதோறும் பெருகி வருதலானும், அவருட் சிலரேனும் அந்நாட்டு மலைகளைக் காண விழைவர் ஆதலானும், யான் இருமுறை சென்ற ஓர் ஏரியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்கலாமென எண்ணுகிறேன்.

கொலராடோ மாநிலத்தில், 1915-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நிறுவப்பெற்ற ராக்கி மலைத் தேசியப் பூங்கா உள்ளது. அப்பூங்காவின் சிகரங்களுள் உயரத்தில் முதன்மையானது லாங்ஸ் சிகரம். அதன் உயரம் 14,259 அடி. இச்சிகரத்தின் கிழக்கு முகம் சுவர்போற் செங்குத்தானது. அச்சுவரின் மேற்பகுதிக்கு அதன் வடிவம்பற்றி வைரம் எனப் பொருள்படும் 'டயமண்ட்' என்னும் பெயர் வழங்குகிறது. அதன் அடியில், மூன்று புறமும் பாறை சூழ, ஏறக்குறைய 11,800 அடி உயரத்திற் கிடப்பதே காஸம் ஏரி. காஸம் என்னும் ஆங்கிலச் சொல் ஆழ்ந்த பிளவினைக் குறிக்கும். ஆயினும் இவ்வேரி நிலம் பிளந்து உண்டானதன்று. முற்காலத்துப் பனியாறு ஒன்று மலையின் மடியைக் குடைந்து குடைந்து ஒரு கிண்ணம்போலாக்கிச் சென்ற பள்ளத்தில் நீர் நின்றமையால் உண்டானது. அவ்வாறு குடைந்த கல்லையெல்லாம் பனியாறு தன் பக்கங்களிற் குவித்துவிட்டுப் போயிற்று. அக்குவியலே இன்று மில்ஸ் மொரேன் என்னும் நீண்ட கல்மேடாக நிற்கிறது. நடைபாதை இம்மேட்டின்மீதே செல்கிறது.

பாதையின் நீளம் ஒருபுறம் 4.2 மைல், ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 2,400 அடி. இவ்வெண்களைக் கேட்ட மாத்திரத்தில், 'இது என்ன பெரிய காரியம்! எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திற்கே இத்தனை தூரம் நடந்து போனோமே' என்று நகைக்கும் மாணவர் உளர். யானும் அங்ஙனம் நகைத்தவனே. ஆனால் தென்னிந்தியாவிற் பெருஞ்சிகரமாகிய ஆனைமுடியின் உயரம் 8,842 அடி என்பதை நினைவிற் கொள்க. காஸம் ஏரிக்குச் செல்லும் பாதை தொடங்கும் இடமோ 9,400 அடிக்குச் சற்று மேல். அஃதாவது, வண்டியைவிட்டு இறங்கி முதலடி வைக்கும்போதே, நம் நாட்டில் விந்தியத்திற்குத் தெற்கே எவ்விடத்தும் நிற்கவியலாத உயரத்தில் நாம் நிற்கிறோம். கோடைக்கானல் ஏரியைச் சுற்றி வந்த பழக்கம் அவ்விடத்தில் அதிகம் உதவாது.

உயரம் செய்யும் தீங்கு யாதெனின், காற்றின் அழுத்தம் குறைதலே. ஏரிக்கரையில் அழுத்தம் கடல்மட்டத்திலிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சிறிது குறைவு. காற்றிற் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் வாயுவின் அளவு அவ்வழுத்தத்திற்கேற்பச் சுருங்கிவிடுகிறது. உடல் இக்குறைவுக்குப் பழகிக்கொள்ளும் திறமுடையது. ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். பழகாதார்க்கு முதலில் தலைவலியும், பின்னர்க் குமட்டலும் சோர்வும் கிறுகிறுப்பும் தோன்றும். இம்மட்டில் நின்றால் துன்பமேயன்றி அபாயமில்லை. நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல் ஆகியவை கண்டாலோ, மூளையிலேனும் நுரையீரலிலேனும் நீர் கோத்துக்கொண்டதெனக் கருதி அக்கணமே கீழிறங்குதல் வேண்டும். இறங்குதலே தலையாய மருந்து. அதனை ஒத்திவைத்து வேறு பரிகாரம் தேடுதல் கூடாது. தேகவலிமை இந்நோய்க்கு அரணாகாது என்பதையும் கூறவேண்டும். பந்தயத்தில் ஓடிப் பரிசு பெற்றவன் படுத்துவிடுவதும், மெலிந்த கிழவர் ஒருவர் அவனைக் கடந்து செல்வதும் மலைமேல் காணக்கூடிய காட்சிகளே.

ஆகவே முதல் ஆயத்தம் பயணத்திற்கு இரண்டு நாட்களுக்குமுன் தொடங்குகிறது. டென்வர் நகரம் கடல்மட்டத்திற்கு ஒரு மைல் மேலே, அஃதாவது 5,280 அடியில் உளது. பூங்காவின் வாயிலிலுள்ள எஸ்டெஸ் பார்க் என்னும் ஊர் 7,522 அடி. சமவெளியிலிருந்து வருவோர் இவ்வூரில் இரண்டு இரவேனும் உறங்கி, இடைப்பட்ட பகலில் சிறு நடை நடந்து, நீர் மிகுதியாய்ப் பருகி, மது முதலியவற்றை ஒழித்துப் பின் ஏறுதல் நலம். தலைவலியைத் தடுக்கும் மாத்திரைகளும் உள. அவற்றை மருத்துவரைக் கேட்டன்றி உண்ணலாகாது.

இனி, நேரத்தைப்பற்றிய கணக்கிற்கு வருவோம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராக்கி மலைகளின்மீது காலையில் வானம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். கதிரவன் கிழக்குச் சரிவுகளைச் சுடச்சுட, ஈரங்கலந்த காற்று மேலெழுந்து, முற்பகல் 10 மணியளவில் சிகரங்களின்மேற் பஞ்சுப்பொதிபோற் சிறு மேகங்களாய்த் திரளும். நண்பகலில் அவையே கருத்து உயர்ந்து, பிற்பகலில் இடியும் மின்னலும் ஆலங்கட்டியுமாக இறங்கும். நாள்தோறும் இப்படியே என்பதில்லையாயினும், இன்று இராது என நம்பி நடக்கத்தக்கதும் அன்று. 2014-ஆம் ஆண்டு ஜூலை 11, 12 ஆகிய அடுத்தடுத்த இரு நாட்களில் இப்பூங்காவின் வேறொரு பகுதியில் மின்னல் தாக்கி இருவர் உயிரிழந்தனர். ஏரிப்பாதையின் பாதிக்குமேல் மரமே கிடையாது. அத்திறந்த மேட்டில் மனிதனே உயர்ந்த பொருளாய் நிற்கிறான்.

எனவே, நண்பகல் 12 மணிக்கு மர எல்லைக்குக் கீழே இருத்தல்வேண்டும் என்பது முதல் விதி. ஏரியிலிருந்து மர எல்லைக்கு இறங்க ஒன்றரை மணி நேரமாகும். ஆதலால் 10-30க்கு ஏரியை விட்டு நீங்கவேண்டும். கரையில் அரைமணி நேரமேனும் இருந்து இளைப்பாற வேண்டாமா? அவ்வாறாயின் 10 மணிக்குள் அங்குச் சேர்தல் வேண்டும். ஏறுதற்கு எத்துணை நேரம் ஆகும்? இதற்கு வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் கூறிய சூத்திரம் ஒன்றுண்டு: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி, அன்றியும் 2,000 அடி ஏற்றத்திற்கு ஒரு மணி. இதன்படி 4.2 மைலுக்கு 1 மணி 24 நிமிஷமும், 2,400 அடிக்கு 1 மணி 12 நிமிஷமும் கூடி 2 மணி 36 நிமிஷமாகிறது. ஆனால் நெய்ஸ்மித் கணக்கிட்டது அவர் நாட்டுத் தாழ்ந்த மலைகளுக்கும், நடைபயின்ற கால்களுக்குமே. இத்துணை உயரத்தில், நம்போன்றார்க்கு, அதனோடு பாதிக்குமேல் கூட்டி நான்கு மணி எனக் கொள்க. இடையில் நின்று உண்ணவும் உடைமாற்றவும் ஒரு மணி. ஆக, காலை 5 மணிக்குப் புறப்படவேண்டும் என்று விடை வருகிறது. ஐந்து மணிக்கு இருள் நீங்கியிராது. ஆதலின் நெற்றிவிளக்கு இன்றியமையாததாகிறது. இதனோடு இன்னொரு விதியையும் புறப்படுமுன்னரே வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்: மணி 10 ஆனால், எங்கு நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்பிவிடுதல். ஏரி கண்ணுக்கு எட்டும் தூரத்திலிருக்கும்போது இவ்விதியைப் புதிதாக இயற்றிக்கொள்ள எவராலும் இயலாது.

வண்டி நிறுத்துமிடம் சிறிது. சிகரத்தின் உச்சிக்கே செல்வோர் இரவு இரண்டு, மூன்று மணிக்கே வந்து அதனை நிரப்பிவிடுவர் ஆகலின், நேரங்கழித்து வருவோர் சாலையோரமாய் நெடுந்தூரம் நடக்க நேரும். 2020 முதல் பூங்காவிற் கோடைகாலத்துக்கு நேரங்குறித்த அனுமதிச்சீட்டு முறை வந்தது. அவ்வவ்வாண்டின் விதியை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

பாதையின் முதற்பாதி காட்டினூடே செல்கிறது. அரைமைலில் பழைய சுரங்கமொன்றற்குப் பிரியும் வழியை வலப்புறம் விட்டு, கோப்ளின்ஸ் காடு என்னுமிடத்தைக் கடந்து, ஆல்பைன் புரூக் என்னும் ஓடையின் ஒலியைக் கேட்டவாறே ஏறவேண்டும். விளக்கொளியில் இப்பகுதி சலிப்பூட்டும், விரித்துரைக்க ஒன்றுமில்லை. பின்னர் மரங்கள் மெல்லமெல்லக் குட்டையாகின்றன. கடைசியில் அவை காற்றுக்கு அஞ்சி முதுகு வளைத்துத் தரையோடு படர்ந்தவைபோல் முறுக்குண்டு கிடக்கின்றன. முழங்காலளவு நிற்கும் இத்தகைய மரமொன்று நூறாண்டுக்கு மேற்பட்டதாயிருத்தலும் உண்டு. அதற்கப்பால் புல்லும் கல்லும் சிறு பூக்களுமேயுள்ள வெளி. இப்பூச்செடிகளை மிதித்தழித்தால் மீண்டும் தழைக்கப் பல்லாண்டுகள் ஆகும். வளர்தற்கு அவை பெறும் காலம் ஆண்டுக்குச் சில வாரமே. பாதை நீரால் நனைந்திருந்தாலும் அதனைவிட்டு விலகாது நடத்தல் நன்று.

ஏறக்குறைய மூன்றரை மைலில் காஸம் சந்தி என்னுமிடம். உச்சிக்குச் செல்வார் வலப்புறமும், ஏரிக்குச் செல்வார் இடப்புறமும் பிரிகின்றனர். எஞ்சியது முக்கால் மைலளவே. எனினும் கடினமான பகுதி இதுவே. பாதை மலைச்சரிவின் விளிம்பைப் பற்றிச் செல்ல, இடப்பக்கம் வெகு ஆழத்தில் மயிற்கழுத்து நிறங்கொண்ட பீகாக் பூல் என்னும் குளம் தெரியும். அதற்கு மேலிருந்து கொலம்பைன் அருவி விழுகிறது. அருவிக்கு அருகே பாதையைக் குறுக்கிட்டு ஒரு பனிச்சரிவு ஜூன் மாதம் முழுதும், சில ஆண்டுகளில் ஜூலையிலும், உருகாது கிடக்கும். பார்வைக்கு வெள்ளைத்துணி விரித்தாற்போன்ற அச்சரிவு, வைகறையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். கால் வழுவினால் நிற்குமிடமின்றிக் கீழேயுள்ள பாறைகளுக்கே கொண்டுசெல்லும். பூட்ஸின் அடியிற் பூட்டும் இருப்புமுட்களும், பனிக்கோடரியும், அதனைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதார் அவ்விடத்திலிருந்து திரும்பிவிடுதல் வேண்டும். ஆதலாற்றான் முதன்முறை செல்வார்க்கு ஆகஸ்ட் மாதத்தைக் குறிக்கிறேன். இவ்வருவிக்கு மேலுள்ள புல்வெளியில் மீட்புப்பணிக்கெனக் கல்லாற் கட்டப்பெற்றிருந்த சிறு வீட்டை 2003-இல் பனிச்சரிவொன்று அழித்துவிட்டது. கல்வீட்டுக்கே அக்கதியாயின், குளிர்காலத்தில் அங்குச் செல்ல நினைப்பார் தம்மைப்பற்றி எண்ணிக்கொள்க. 1925 ஜனவரியில் ஆக்னஸ் வெய்ல் என்னும் மங்கை, வால்ட்டர் கீனர் என்பவரோடு, ஏரிக்கு மேலுள்ள கிழக்கு முகத்தின்வழியாய்க் குளிர்காலத்தில் உச்சியை அடைந்தார். இறங்குங்கால் வீழ்ந்து, குளிரால் உயிர்நீத்தார். அவரைக் காக்கப் புறப்பட்டவருள் ஒருவரும் இறந்தார். அவ்வம்மையார் நினைவாகக் கட்டப்பட்ட கல்மண்டபம் உச்சிவழியில் இன்றும் நிற்கிறது.

புல்வெளி கடந்தபின் ஏரியைக் காணோமே என்று மயங்குவார் பலர். ஏரி அதற்குமேலும் ஒரு பாறைப்படிக்கட்டின் உச்சியில் ஒளிந்துகிடக்கிறது. கையையும் காலையும் ஊன்றிச் சிறிது தூரம் ஏறவேண்டும். வழிகாட்ட ஆங்காங்குக் கற்களை அடுக்கி வைத்துள்ளனர்.

எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களைப்பற்றிச் சில சொல்வேன். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்றரை டிகிரி பாரன்ஹீட் விகிதம் குளிர் மிகுமாதலால், எஸ்டெஸ் பார்க்கில் 75 டிகிரியாயிருக்கும்போது ஏரிக்கரையில் 60 ஆகும். காற்றும் மழையும் சேர்ந்தால் ஆகஸ்டிலும் கை விறைக்கும். நம்மவர் விரும்பும் பருத்தியாடை அங்கு உதவாது. வியர்வையில் நனைந்தால் உலராது உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். கம்பளிச் சட்டை, அதன்மேல் நீர் புகாத மழைச்சட்டை, தொப்பி, கையுறை இவை வெயிலில் நகைப்புக்கிடமாகத் தோன்றினும் மூட்டையில் இருத்தல் வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் நீர் வேண்டும். ஓடைநீர் பளிங்கை ஒத்ததேனும் வடிகருவியின்றிப் பருகினால் குடற்கிருமி பற்றும். கைப்பேசி எவ்விடத்தும் வேலை செய்யும் என நம்புதற்கில்லை. ஆதலால் அச்சிட்ட நிலப்படமொன்று வைத்திருக்க. எங்குச் செல்கிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிடில் ரேஞ்சர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் எல்லாவற்றினும் முக்கியமாம். உணவில் எலுமிச்சஞ்சோறும் நன்றே. ஆனால் மூட்டையைத் திறந்துவைத்து அப்பாற் செல்லற்க. மார்மட் என்னும் கொழுத்த அணிற்சாதிப் பிராணிகள் அங்கு உள. அவை சோற்றோடு பையின் தோல்வாரையும் தின்றுவிடும்.

இவற்றுள் ஒன்றையும் யாம் முதன்முறை செய்தோமில்லை. யானும், விடுதியில் என் அடுத்த அறையில் இருந்தவரும், என்னை அண்ணா என்றே அழைப்பவருமான ஒரு நண்பரும் சமவெளி நகரமொன்றிலிருந்து ஒரே நாளில் காரோட்டி வந்து, டென்வரில் நள்ளிரவில் உறங்கி, மறுநாட் காலை 8-15க்கு ஏறத் தொடங்கினோம். காஸம் சந்தியை அடையும்போது நண்பகல். "தலை கொஞ்சம் வலிக்கிறது, அண்ணா" என்றார் அவர். "முக்கால் மைல்தானே இருக்கிறது, மெதுவாய் வா" என்றேன் யான். அவர் மறுத்துரைக்கவில்லை. மூத்தவன் சொல்லை மறுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அதனை யான் அறிந்திருந்தும் மீண்டும் ஒருமுறை கேட்டேனில்லை. அருவிக்கு அண்மையில், இறங்கி வந்துகொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் அவர் முகத்தை உற்று நோக்கி நின்றார். பாதையிலிருந்த ஒரு தட்டைப் பாறையைக் காட்டி, ஒரு பாதத்தின் குதியை மற்றப் பாதத்தின் விரல்நுனியிற் பொருத்தி நேர்க்கோட்டில் பத்தடி நடக்கும்படி சொன்னார். மூன்றாவது அடியில் நண்பர் பக்கவாட்டிற் சாய்ந்தார். பிடித்திராவிடில் வீழ்ந்திருப்பார். அவ்வம்மையார் என்னைப் பார்த்து ஒன்றே கேட்டார்: "நீர் இவருக்குத் தமையனா?" யான் விடையிறுக்கவில்லை.

உடனே திரும்பினோம். மில்ஸ் மொரேனின் முதுகில் வரும்போது மேற்கே இடி முழங்கிற்று. மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணினேன். ஐந்து விநாடிக்கு ஒரு மைல் என்பது கணக்கு. முதலில் பதினைந்து, பின் எட்டு, பின் எண்ணுதற்கு இடமில்லை. ஆலங்கட்டி முகத்தில் அறைந்தது. ஓடுதற்கும் நண்பரால் இயலவில்லை. அவருடைய தோளை என் தோளில் தாங்கி, அம்மையார் முன்னே வழிகாட்ட, மர எல்லையை அடையும்வரை கழிந்த முக்கால் மணி நேரத்தை யான் இன்றும் சில இரவுகளிற் கனவிற் காண்கிறேன். காட்டினுள் இறங்க இறங்க அவர் நடை தெளிந்தது. கோப்ளின்ஸ் காட்டில் தாமாகவே உட்கார்ந்து, "பசிக்கிறது, அண்ணா" என்றார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் சென்றோம். போகவேண்டுமெனச் சொன்னவர் அவரே. இம்முறை எஸ்டெஸ் பார்க்கில் இரண்டு இரவு தங்கினோம். முன் கூறிய கணக்கை ஒரு தாளில் எழுதி, திரும்புதற்குரிய மணியின்கீழ் இருவரும் கையொப்பமிட்டோம். எவருக்கு எவ்வலி தோன்றினும் மறைக்கலாகாதென்றும், இருவருள் ஒருவர் திரும்புவோம் என்றால் மற்றவர் காரணம் கேட்கலாகாதென்றும் அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. காலை 4-45க்குப் புறப்பட்டு, 6-20க்கு மர எல்லையைக் கடந்தோம். அப்பொழுது கதிரவன் எழ, சிகரத்தின் கீழ்த்திசை முகம் முழுதும் செம்பைக் காய்ச்சி வார்த்தாற்போற் சிவந்தது. கிழக்கு நோக்கிய பாறையாதலின் இக்காட்சி காலையில் மட்டுமே வாய்ப்பது. நேரங்கழித்து வருவார் சாம்பல்நிறச் சுவரொன்றையே காண்பர். 8-50க்கு ஏரிக்கரையில் நின்றோம். நீர் அசைவின்றிக் கருநீலமாயிருந்தது. மேலே சுவரில் எறும்புபோல் இருவர் கயிற்றிற் தொங்கி ஏறிக்கொண்டிருந்தனர். அவர்தம் பேச்சொலி நீரைக் கடந்து எமக்குத் தெளிவாய்க் கேட்டது.

9-45க்கு மூட்டையைக் கட்டினேன். மேகமே இல்லை. "இன்னும் முக்கால் மணி இருக்கிறதே, அண்ணா" என்றார் நண்பர். பிறகு தாமே தாளை எடுத்துப் பார்த்து எழுந்துவிட்டார். 11-15க்கு மர எல்லை. வண்டியை அடைந்தபோது மணி 12-40. கதவைத் திறக்கையில் மலைமேல் முதல் இடி கேட்டது.